கொஞ்சம் சொரசொரப்பு

பால்கனியிலிருந்து வந்த சத்தத்தை வைத்தே புருஷன் எவ்வளவு அழுத்துகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மைக்ரோமோட்டர் என்பது பேனாவைப் போலப் பிடித்துக்கொண்டு ராவுகிற சின்ன இயந்திரம். ஒழுங்காகச் சுற்றினால் கொசு பறக்கிற மாதிரி ஒரே சீராக ரீங்கரிக்கும். அழுத்தினால் முனகும். அதற்கும் மேலே அழுத்தினால் வீறிடும். சமையலறையில் இடது கையால் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளின் காதில் வெகுநேரமாக விழுந்துகொண்டிருந்தது அந்த வீறிடல்தான். அது அவளுடைய மைக்ரோமோட்டர். பல்செட் செய்கிற லேபில் வேலை பார்ப்பவள், வீட்டுக்குக் கொண்டுவந்து செய்யும் வேலைகளுக்காகச் சொந்தமாக வாங்கி வைத்தது. அலமாரியில் சும்மாத்தானே கிடக்கிறது, எடுத்துக்கட்டுமா என்று அவர் கேட்டபோது, எடுத்துக்கோங்க என்று தாராளமாகச் சொன்னவளும் அவள்தான். இப்போது யாரோ தன் பிள்ளையின் காதைப் பிடித்துத் திருகுவது போல இருந்தது.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயர்ந்த கட்டடங்களையெல்லாம் ஏற்றி இறக்கிவிட்டு வருகிறவர் குடியிருக்கும் கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. இது அங்கே இருப்பவர்களுக்கு எத்தனை வருஷமானாலும் சலிக்காத வேடிக்கை. மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வருகிறவர்கள் அவரைப் பார்த்தால், "என்ன லிஃப்ட்காரரே, எப்ப வைக்கப்போறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் போகமாட்டார்கள். அவரும் "ஆர்டர் போட்டாச்சு" என்று ஒரே பதிலைச் சிரிப்பு மாறாமல் சொல்லுவார். எதற்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு வைத்திருக்கிற மனிதர். அவரே பேச்சில்லாமல் போனது ஒரே ஒரு தடவைதான். தண்ணீர்த் தொட்டி ஏற்றத்தில் பைக் நடுவழியில் உயிரை விட்டு, பின்னோக்கி உருண்டு, அவர் ஒரு பக்கமும் பின்னால் உட்கார்ந்திருந்த அவள் இன்னொரு பக்கமுமாக விழுந்த அன்று. அவருக்கு முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. அவள் வலது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது.

அன்றிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்: "எஞ்சினுக்கு மூச்சு இல்ல. ஏத்தத்துல திணறுது." அந்த ஏற்றத்துக்கு வரும்போது அவர் கியரைக் குறைக்க மறந்துவிட்டார் என்பது பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. எஞ்சின் மேலேயே பழி போகட்டும், அதற்கு வாயா இருக்கிறது என்று விட்டுவிட்டாள். ஆனால் மனிதர் அத்தோடு நிற்காமல், பைக் மெக்கானிக்கான நண்பர் ஒருவரிடம் யோசனை கேட்டு, ராத்தூக்கத்தைக் கெடுத்து வீடியோவெல்லாம் பார்த்து, ஒரு சனிக்கிழமை எஞ்சினைப் பிரித்து அதன் தலையை மட்டும் துணியில் சுற்றி மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்து பால்கனியில் வைப்பார் என்று அவள் நினைக்கவில்லை.

அவளுடைய கவலை வேறாக இருந்தது. மாவுக்கட்டுப் பிரித்து எவ்வளவோ நாளாகிவிட்டது. எலும்பு கல்லு மாதிரி கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலியும் இல்லை. ஆனால் கை நடுங்கியது. நின்றால் நடந்தால் தெரியாது. எதையாவது நுணுக்கமாகப் பிடித்தால்தான் விரல் நுனியில் ஆரம்பித்து மணிக்கட்டு வரை ஒரு உதறல் வரும். கட்டுப் பிரித்ததும் லேபுக்குப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து பார்த்தாள். மெழுகில் முன்பல்லை நிறுத்த வேண்டும். நிறுத்தப் போன பல் சாய்ந்து, பக்கத்துப் பல்லையும் சாய்த்துக்கொண்டு விழுந்தது. சூடான கத்தி மெழுகில் கோணலாகக் கோடு இழுத்தது. கத்தியை வைத்துவிட்டு, "இன்னும் வலி இருக்கும்மா" என்று லேப் ஓனரம்மாவிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வலி என்று சொன்னால் எல்லோரும் நம்புகிறார்கள். அதை யாரும் எட்டிப் பார்க்க முடியாது. புருஷனிடமும் வலி என்றுதான் சொல்லியிருந்தாள். எல்லாவற்றையும் இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை முந்தானைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு நாளை ஓட்டினாள்.

முந்தா நாள் ஓனரம்மா போன் செய்திருந்தார். நல்ல மனுஷிதான், அதனால்தான் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "உன் சீட்ல யாரையும் உக்கார வைக்கல. ஆனா வேலை குமியுதும்மா. திங்கக்கிழமை வந்து ஒரு செட் கட்டிப் பாரு. முடியலேன்னா மனசு விட்டுச் சொல்லிரு, நான் வேற ஆள் பாத்துக்கறேன்." சரிம்மா என்று போனை வைத்தவள் திங்கட்கிழமை வரை இருக்கும் நாளை விரல்விட்டு எண்ணினாள். அவளுக்கு வேறு எந்த வேலையும் தெரியாது என்பது ஒருபுறம். அந்த வேலை பிடிக்கும் என்பதுதான் பெரிய விஷயம். தான் யாருடைய வாய்க்குப் பல் கட்டுகிறாளோ அவர்களை அவள் பார்த்ததே கிடையாது. பிளாஸ்டரில் வார்த்த ஈறுகள் மட்டும்தான் அவளிடம் வரும். சில நேரம் பஸ்ஸில் யாராவது வயதானவர் வாய்விட்டுச் சிரித்தால், நம்ம பல்லா இருக்குமோ என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். ஒருமுறை இறங்க வேண்டிய இடத்தைக்கூட விட்டிருக்கிறாள்.

மைக்ரோமோட்டர் மறுபடியும் வீறிட்டது. அவள் கத்தியைப் போட்டுவிட்டு பால்கனிக்குப் போனாள்.

பழைய செய்தித்தாள் விரித்த ஸ்டூலின் மேல் அந்த எஞ்சின் தலை கிடந்தது. இரண்டு உள்ளங்கை சேர்ந்த அளவுதான், சுற்றிலும் மீன் செவுள் மாதிரி மடிப்பு மடிப்பாகத் தகடுகள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, கருவியைக் குழிக்குள் விட்டுக் குடைந்துகொண்டிருந்தார்.

"அழுத்தாதீங்க" என்றாள்.

"நான் எங்க அழுத்தறேன். அதுவே உள்ள போகுது."

"சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேக்குது."

அவர் நிறுத்திவிட்டு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டார். "இங்க பாரு, ரெண்டு ஓட்டை இருக்கா. இது வழியா காத்தும் பெட்ரோலும் கலந்து உள்ள போகும். இது வழியா புகை வெளிய வரும். வார்த்தவன் அப்படியே விட்டுட்டான், உள்ள பூரா மேடும் பள்ளமும். மூக்கடைச்சுக்கிட்டு மலை ஏறச் சொன்னா எவன் ஏறுவான்? இதையெல்லாம் சீவிச் சமமாக்கி வழி பண்ணிட்டோம்னா வண்டி நல்லா மூச்சு விடும். ஏத்தமாவது ஒண்ணாவது."

சொல்லிக்கொண்டே மறுபடி கருவியை உள்ளே விட்டார். அலுமினியத் துகள் அடைத்துக்கொண்டிருந்த முனை வழுக்கித் துள்ளியது. குழியின் உள்வாயில், வால்வு வந்து உட்காருகிற பளபளப்பான வளையம் ஒன்று இருந்தது. அதற்கு ஒரு மயிரிழை தள்ளி நீளமாகக் கீறல் விழுந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த வளையத்தில் கீறல் பட்டால் எஞ்சின் தலையைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டியதுதான் என்று காலையில் அவரேதான் சொல்லியிருந்தார்.

"குடுங்க இங்க" என்று அவள் கருவியைப் பிடுங்கினாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு பொருளைக் கோணல்மாணலாக ராவுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது. உள்ளே போய்த் தன் பழைய டப்பாவை எடுத்துவந்தாள். அதிலிருந்த ரோஸ் நிற மெழுகுத் தகட்டில் ஒரு துண்டைக் கிள்ளி, விரல் சூட்டில் இளக்கி, அந்த வளையத்தின் மேல் ஈறு மாதிரி அழுத்தி மூடினாள். முனையைக் கழற்றிக் கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றில் ஓடவிட்டாள். மெழுகு பூசிய முனையில் துகள் அடைக்காது. "எந்திரிங்க" என்றாள். அவர் எழுந்து இடம் விட்டார்.

மோதிர விரலைத் தகட்டின் விளிம்பில் ஊன்றிக்கொண்டாள். லேபில் சேர்ந்த முதல் நாள் கற்றுக்கொள்வது அதுதான்: ஒரு விரல் எப்போதும் வேலையின் மேல் ஊன்றியிருக்க வேண்டும், மற்ற விரல்கள் அதை நம்பி நகரும். முனையை உள்ளே விட்டாள். ரீங்காரம் சீராக வந்தது. கொஞ்சம் ராவுவாள், நிறுத்துவாள், சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பாள். வார்ப்பு இரண்டாகச் சேர்ந்த இடத்தில் வரப்பு மாதிரி ஒரு மேடு ஓடியது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தாள். வழி வளைகிற இடத்தில் ஒரு புடைப்பு. அதன் தோளை மட்டும் தணித்தாள். அவர் மார்க்கரால் வரைந்திருந்த கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு துளியும் போகவில்லை. சாம்பல் நிறப் பொடி அவள் மடியில் விழுந்துகொண்டிருந்தது. வெயில் பால்கனிக் கம்பியைத் தாண்டி உள்ளே வந்ததோ, தண்ணீர் வைத்த அடுப்பை அவர் போய் அணைத்துவிட்டு வந்ததோ அவளுக்குத் தெரியாது. இரண்டாவது குழிக்கு மாறும்போதுதான், சுற்றும் முனையின் மேல் விழுந்த வெளிச்சம் ஒரே புள்ளியில் நிற்பதைப் பார்த்தாள்.

கை ஆடவில்லை.

தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவள் மாதிரி, அதற்குமேல் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. அவர் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். வழக்கமாக ஒரு நிமிஷம் வாயை மூடாதவர் ஒன்றும் பேசவில்லை. வேலையைப் பார்க்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ராவி முடித்ததும் முனையை மாற்றி, உப்புத்தாள் சுருளை மாட்டினாள். "அடுத்தது மெருகு" என்றாள்.

"ரெண்டு பக்கத்துக்குமா?" என்று கேட்டார்.

"பின்ன? ஒண்ணை மட்டும் சொரசொரன்னு விடவா? நாக்குல பட்டா குத்தும்."

"எஞ்சினுக்கு ஏது நாக்கு?"

"இருக்கிற மாதிரி நெனச்சுத்தான் பண்ணணும். கண்ணுக்குத் தெரியாதது நாக்குக்குத் தெரியும். தினம் அதைத்தானே நான் பண்றேன்."

தினம் என்று வாயில் வந்துவிட்டதை நினைத்து அவளுக்கே திக்கென்றது. அவர் தலையைச் சொறிந்தார். அவள் கையைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். பிறகு, "இரு, ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்" என்று எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து, "பண்ணு. நல்லாவே பண்ணு. ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

அன்று சாயங்காலமும் மறுநாள் பகல் முழுவதும் மெருகு போட்டாள். முரட்டுத் தாள், மெல்லிய தாள், அதற்குமேல் நனைத்த தாள், பிறகு கம்பளி உருளையில் மெருகுப் பசை தொட்டு. அவரோ அநியாயத்துக்கு நுணுக்கம் பார்த்தார். போட்ட சட்டையில் பட்டன் மாறியிருந்தால்கூடக் கவனிக்காத ஆள், "இங்க லேசா மங்கலா இருக்கு பாரு" என்றும், "இந்த மூலையை விட்டுட்டியே" என்றும் திரும்பத் திரும்ப அவளிடம் நீட்டினார். அவளும் சலிக்காமல் வாங்கிக்கொண்டாள். முடித்தபோது இரண்டு குழிகளும் உள்ளே கண்ணாடியாக இருந்தன. பால்கனிக் கம்பிகள் அதற்குள் வளைந்து தெரிந்தன. சுண்டுவிரலை விட்டால் எங்கேயும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தது. இவ்வளவு நல்ல வேலையைத் தான் செய்ததே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை லேபில் முதல் பல்லை எடுத்தபோது விரல் நுனியில் உதறல் எட்டிப் பார்த்தது. அவள் பல்லைக் கீழே வைத்தாள். மோதிர விரலைப் பிளாஸ்டர் மாடலின் ஓரத்தில் ஊன்றினாள். அந்த அலுமினியத் தகட்டின் குளிர்ச்சியை நினைத்துக்கொண்டாள். பிறகு பல்லை எடுத்தாள். உணவு வேளைக்கு மணி அடிப்பதற்குள் மேல்வரிசை நின்றுவிட்டது. ஓனரம்மா வந்து அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாராட்டுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வா, அவசர வேலை ஒண்ணு இருக்கு" என்றார். அவள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் நன்றாக அழுதாள்.

பைக் அந்த வாரம் ஓட ஆரம்பித்தது. ஓட ஆரம்பித்தது என்று சொல்வதைவிட இரும ஆரம்பித்தது என்று சொல்லலாம். வேகம் பிடித்துவிட்டால் சரியாகத்தான் போயிற்று. மெதுவாகப் போக வேண்டிய இடத்தில்தான் வம்பு. சந்து திரும்பினால் இருமும். சிக்னலில் நின்றால் விக்கி விக்கி அணையும். காலையில் உதைத்து உதைத்து அவர் சட்டை நனைந்துவிடும். மாடி வீட்டுக்காரர்களுக்குப் புது விஷயம் கிடைத்தது. "லிஃப்ட்காரரே, வண்டிக்கு ஒரு கஷாயம் வெச்சுக் குடுங்க" என்றார்கள். அவர் "புது வழி, பழக வேணாமா" என்றார். தண்ணீர்த் தொட்டி ஏற்றத்தின் பக்கமே போகாமல் சுற்றுவழியில் போய்வருகிறார் என்று கீழ்வீட்டுக்காரி சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஒருநாள் அவளே கேட்டாள். "நான் பண்ணதுல ஏதாவது தப்பாயிருச்சா?"

"சேச்சே. நீ பண்ண வேலையை எக்சிபிஷன்ல வைக்கலாம். இது பெட்ரோல் கலக்கற கார்ப்ரேட்டரோட கோளாறு. டியூன் பண்ணினா சரியாயிரும்."

அவர் சொன்ன விதத்தில் ஒரு சந்தேகமும் வரவில்லை. அவள் அதை அப்படியே விட்டுவிட்டாள். லேபில் வேலை குமிந்திருந்தது. கை சொன்ன பேச்சைக் கேட்டது. காலையில் எழுந்ததும் வலது கையாலேயே பல் தேய்த்தாள். அந்தச் சந்தோஷத்தில் ஒரு பைக்கின் இருமலை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

பிறகு ஒருநாள் காலை பைக் அறவே கிளம்ப மறுத்தது. அவர் அதைத் தள்ளிக்கொண்டுபோய் நண்பரின் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனார். சாயங்காலம் லேபிலிருந்து திரும்புகிற வழியில், வண்டி என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டுப் போகலாமே என்று அவள் அங்கே எட்டிப் பார்த்தாள். அந்த நண்பருக்குப் பட்டப்பெயரே கார்ப்ரேட்டர். எந்த வண்டி எந்தக் கோளாறோடு வந்தாலும், பிரேக் பிடிக்கவில்லை என்று வந்தாலும்கூட, "கார்ப்ரேட்டரா இருக்கும்" என்றுதான் ஆரம்பிப்பார்.

"வாங்க தங்கச்சி, உக்காருங்க" என்று ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "உங்க வீட்டுக்காரன் கார்ப்ரேட்டரை மட்டும் பாரு, வேற எதையும் தொடாதேன்னு சொல்லிட்டுப் போனான். எனக்கு மனசு கேக்கல. ஹெட்டைக் கழட்டிட்டேன். என் சர்வீஸ்ல முதல் தடவையா கார்ப்ரேட்டர் மேல தப்பே இல்ல."

பெஞ்சின் மேல் அந்த எஞ்சின் தலை இருந்தது. அவர் அதைத் தூக்கி, உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். "இதைப் பாருங்க. எவனோ கண்ணாடிக் கடைக்காரன்கிட்ட குடுத்திருக்கான் போல. புகை போற வழி இப்படி இருந்தா நல்லது. ஆனா இந்தப் பக்கம் பெட்ரோல் உள்ள போற வழி. இது கொஞ்சம் சொரசொரன்னு இருக்கணும். சொரசொரப்பு இருந்தாத்தான் காத்து புரண்டு புரண்டு பெட்ரோலைக் கலந்து இழுத்துட்டுப் போகும். இப்படி வழவழன்னு இருந்தா பெட்ரோல் சுவத்தோட ஒட்டிக்கிட்டு வடிஞ்சிரும். அப்புறம் இருமாம என்ன பண்ணும்?"

அவள் குனிந்து அந்தக் குழிக்குள் பார்த்தாள். "இது அவருக்குத் தெரியாதா?" என்றாள்.

"தெரியாதா? ஆரம்பிக்கறப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேன், உள்ள போற வழியை மட்டும் மெருகு போட்டுடாதேன்னு. வேலை நடந்துட்டு இருக்கறப்ப போன் வேற பண்ணான். 'ரெண்டு பக்கமும் மெருகு போட்டா என்னடா ஆகும்'னான். இருமும்டான்னேன். 'எவ்வளவு இருமும்'னான். தினம் இருமும், உயிரை வாங்கும்னேன். அப்புறம் 'சரி, இருமினா இருமட்டும்'னு சொல்லிட்டு வெச்சுட்டான். கிறுக்குப் பய. தெரிஞ்சே போய் வண்டியைக் கெடுத்துக்குவானா ஒருத்தன்?"

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒர்க்‌ஷாப்புக்கு வெளியே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. கட்டுப் பிரித்த நாளிலிருந்து அவர் டீ போட்டால் அவளுடைய டம்ளரில் மட்டும் பாதிதான் ஊற்றுவார். பாலை மிச்சம் பிடிக்கிறார் என்று அவள் முணுமுணுத்திருக்கிறாள். வங்கியில் கையெழுத்துப் போட வேண்டிய அன்று, இன்று கூட்டம், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று வாசலிலிருந்தே திருப்பிக் கூட்டி வந்தார். ஊசியில் நூல் கோக்க முடியாமல் அவள் வைத்துவிட்டுப் போன சட்டை, மறுநாள் பட்டன் தைத்துக் கிடந்தது. தையல்காரரிடம் கொடுத்தேன் என்றார். முந்தானைக்குள் ஒளித்து வைத்திருந்ததாக அவள் நினைத்த கையை அவர் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அன்று பால்கனியில் வாய் மூடி உட்கார்ந்து அவர் பார்த்தது எஞ்சினை இல்லை. மெருகு போடாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் கருவியை வைத்துவிட்டு எழுந்திருப்பாள். மறுநாள் முழுவதும் இங்கே மங்கல், அங்கே மங்கல் என்று நீட்டிக்கொண்டே இருந்தாரே பாவி மனுஷன். அந்த நிமிஷம் அவர் எதிரே இருந்திருந்தால், கார்ப்ரேட்டர் நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல் கட்டிக்கொண்டிருப்பாள்.

"இதைச் சரி பண்ண முடியாதாண்ணா?"

"ஏன் முடியாது. முரட்டு உப்புத்தாளால கீறி விட்டாப் போதும். நாளைக்கு நானே..."

"தாளைக் குடுங்க. நான் பண்றேன்."

"நீங்களா? கையெல்லாம் கறையாயிரும் தங்கச்சி."

"கண்ணாடிக் கடைக்காரி நான்தான்" என்றாள்.

கார்ப்ரேட்டரின் முகத்தில் அசடு வழிந்தது. ஏதோ புரிந்தது போலவும் புரியாதது போலவும் அவளையும் அவள் கையையும் பார்த்தார். பிறகு ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். "ஒரே சீரா தேய்க்க வேணாம். குறுக்கும் நெடுக்குமா, கை போன போக்குல போகட்டும்" என்று சொல்லிவிட்டு வேறொரு வண்டியின் பக்கம் போய்க் குனிந்துகொண்டார்.

அவள் தாளை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு உள்ளே விட்டாள். முதல் கீறலை இழுக்க மனம் வரவில்லை. மெருகு போட்ட ஒன்றைக் கீறுவது அவள் கைக்கே கிடையாத பழக்கம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தாள். பிறகு இன்னொன்று. அப்போதுதான் கை நடுங்க ஆரம்பித்தது. விரலில் தொடங்கி மணிக்கட்டு வரை, பழைய அதே உதறல். அவள் பயந்துபோய் நிறுத்தினாள். டார்ச்சை எடுத்து உள்ளே அடித்துப் பார்த்தாள். கீறல்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், குறுக்கும் நெடுக்குமாக, கார்ப்ரேட்டர் சொன்ன மாதிரியே விழுந்திருந்தன. மோதிர விரலை ஊன்றப் போனவள் ஊன்றாமல் எடுத்துவிட்டாள். கையை அதன் போக்கில் விட்டாள்.

அவர் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. வேலையிலிருந்து நேராக வந்தவர், சாப்பாட்டுப் பையோடு ஒர்க்‌ஷாப் வாசலிலேயே நின்றுவிட்டார். பெஞ்சில் கிடந்த எஞ்சின் தலையைப் பார்த்தார். அவள் விரலில் சுற்றியிருந்த தாளைப் பார்த்தார். அந்தப் பக்கம் குனிந்திருந்த கார்ப்ரேட்டரை ஒரு முறை முறைத்தார். கார்ப்ரேட்டர் நிமிரவில்லை. அப்புறம்தான் அவள் கையைக் கவனித்து வேகமாகப் பக்கத்தில் வந்தார்.

"என்னம்மா... வலிக்குதா?"

"வலியெல்லாம் எப்பவோ போயிருச்சுங்க. நடுங்குது."

அந்த வார்த்தையை அவள் அவரிடம் சொல்வது அதுதான் முதல் தடவை. அவர் சாப்பாட்டுப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நடுங்கட்டும்" என்றாள் அவள். "இந்த வேலைக்கு நடுங்கினாத் தப்பில்ல."

அவர் பையைக் கீழே வைத்தார். காலியான ஆயில் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். பெஞ்சில் கிடந்த உப்புத்தாளை எடுத்து, அவள் விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாகக் கிழித்து முழங்காலின் மேல் அடுக்க ஆரம்பித்தார். அவள் விரலிலிருந்த தாள் தேய்ந்ததும் கேட்காமலே அடுத்ததை நீட்டினார். வாங்கும்போது இரண்டு கைகளும் ஒன்றன் மேல் ஒன்று கொஞ்ச நேரம் நின்றன. பிறகு அவள் குனிந்து தேய்க்கத் தொடங்கினாள். சாம்பல் நிறப் பொடி அவருடைய ஷூவின் மேல் மெதுவாக விழுந்துகொண்டிருந்தது. அவர் காலை நகர்த்தவில்லை.